பாரத் இன்சூரன்ஸ் கட்டடம், சென்னை

பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் சென்னை அண்ணா சாலையில், ஜெனரல் பேட்டர்ஸ் சாலை பிரியும் முனையில் அமைந்துள்ள பழமையான வணிகக் கட்டடம். டபிள்யூ. இ. ஸ்மித் அண்ட் கம்பெனி என்ற ஐரோப்பிய மருந்து வணிக நிறுவனத்துக்காக 1897-ஆம் ஆண்டு கட்டப்பட்டது. தொடக்க காலத்தில் இதற்குக் கார்டில் கட்டடம் என்று பெயர். 1934-ஆம் ஆண்டு லாகூரைச் சேர்ந்த பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் இதை வாங்கியது. 1956-இல் ஆயுள் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையானபோது இந்திய ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் (எல்.ஐ.சி.) உடைமையானது. 2006-ஆம் ஆண்டு இதை இடிக்கும் பணி தொடங்கியது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் 2010-ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தக் கட்டடத்தைக் காத்ததோடு, சென்னையின் மற்ற பழமையான கட்டடங்களுக்கும் ஒரு பாதுகாப்பு ஏற்பாட்டை உருவாக்கியது.

கோயில், கோட்டை, அரண்மனை போன்றவற்றின் வரலாறு பெரும்பாலும் ஒரு அரசையோ ஒரு சமயத்தையோ சார்ந்தது. வணிகக் கட்டடத்தின் வரலாறு பணத்தைச் சார்ந்தது. யாரிடம் பணம் இருந்தது, அது எப்படிக் கைமாறியது, மனையின் விலை எவ்வளவு ஏறியது என்பவையே அதன் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் அதற்குத் தெளிவான சான்று.

மவுண்ட் ரோடு கடைகள்

இன்றைய அண்ணா சாலையின் பழைய பெயர் மவுண்ட் ரோடு. புனித ஜார்ஜ் கோட்டைப் பகுதியிலிருந்து தென்மேற்காகப் பரங்கிமலைக்குச் செல்லும் சாலை என்பதால் அந்தப் பெயர் வந்தது. ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கக் காலத்தில் இதன் இருபுறமும் பெரிய தோட்ட வீடுகள் இருந்தன. மொத்த வணிகமும் துறைமுகத்தைச் சார்ந்த தொழில்களும் கறுப்பர் நகரம் என்று அழைக்கப்பட்டு, பின்னர் ஜார்ஜ் டவுன் எனப் பெயர் மாறிய பகுதியில் நடைபெற்றன.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. ஐரோப்பிய அதிகாரிகளும் வணிகர்களும் வசதி படைத்த இந்தியர்களும் பொருள் வாங்கும் பெரிய கடைகள் மவுண்ட் ரோட்டுக்கு வந்தன. 1844-இல் தொடங்கப்பட்ட ஹிக்கின்பாதம்ஸ் புத்தகக் கடை, கடிகாரத்துக்கும் நகைக்கும் பெயர்பெற்ற பி. ஆர் அண்ட் சன்ஸ், 1860-களில் தொடங்கிய ஸ்பென்சர் நிறுவனம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. இக்கடைகள் தங்கள் கட்டடத்தையே விளம்பரமாகக் கருதின. பி. ஆர் அண்ட் சன்ஸ் நிறுவனத்துக்குக் கட்டடம் வடிவமைத்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மாளிகையை வடிவமைத்த ராபர்ட் சிஸ்ஹோம். ஸ்பென்சர் நிறுவனம் 1895-இல் தன் பெரிய விற்பனைக் கூடத்தைத் திறந்தது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் ஸ்மித் நிறுவனத்தின் கட்டடம் எழுந்தது.

அக்காலத்து ஐரோப்பிய மருந்துக் கடை இன்றைய மருந்துக் கடையைப் போன்றதன்று. மருந்துகளை அங்கேயே அளந்து கலந்து தயாரித்தார்கள். கப்பலில் வந்த மருந்துகள், மருத்துவக் கருவிகள், நறுமணப் பொருட்கள், சோப்புகள் ஆகியவற்றையும் விற்றார்கள். சோடா முதலிய குளிர்பானங்களைத் தயாரித்து விற்பதும் அக்கால மருந்து வணிகர்களின் வழக்கமான துணைத்தொழில். இவ்வளவுக்கும் இடம் வேண்டியிருந்ததால், அத்தகைய நிறுவனம் பெரிய கட்டடம் கட்டியதில் வியப்பில்லை.

வடிவமைப்பு

கட்டடத்தை வடிவமைத்தவர் சென்னை மாகாணப் பொதுப்பணித் துறையைச் சேர்ந்த ஜே. எச். ஸ்டீபன்ஸ். 1892-இல் முடிக்கப்பட்ட சென்னை உயர்நீதிமன்றக் கட்டடப் பணியில் ஹென்றி இர்வினுக்குத் துணையாக இருந்தவர் இவர். அந்தப் பெரும்பணி முடிந்து ஐந்து ஆண்டுகளில் மவுண்ட் ரோட்டில் இந்தக் கட்டடம் நிறைவுபெற்றது.

இரண்டும் இந்தோ-சாரசனிக் பாணியில் அமைந்தவை. இந்திய, இஸ்லாமியக் கட்டடக் கலைக் கூறுகளை ஐரோப்பியக் கட்டுமான முறையோடும் தள அமைப்போடும் இணைத்த பாணி இது. குவிமாடங்கள், மினார் போன்ற ஒல்லியான கோபுரங்கள், தொடர் வளைவுகள் ஆகியவை இதன் அடையாளங்கள். சென்னையில் சேப்பாக்கம் அரசு அலுவலகங்கள், உயர்நீதிமன்றம் போன்றவற்றால் இது அரசாங்கத்தின் பாணியாக நிலைபெற்றிருந்தது. ஒரு மருந்து வணிக நிறுவனம் அதே பாணியைத் தேர்ந்தெடுத்தது, அரசுக் கட்டடங்களுக்குரிய மிடுக்கைத் தன் கடைக்கும் கொண்டுவரும் முயற்சி எனலாம்.

இரு சாலைகள் சந்திக்கும் முனையில் அமைந்ததால் கட்டடத்துக்கு இரண்டு முகப்புகள் கிடைத்தன. வளைவுகளோடு கூடிய தாழ்வாரங்களும், வானை நோக்கி எழும் கோபுரங்களும் சாலையின் இரு திசைகளிலிருந்து வருவோருக்கும் தெரிந்தன. மோட்டார் வாகனங்களுக்கு முந்தைய காலத்தில், குதிரை வண்டியில் மெதுவாக வரும் வாடிக்கையாளருக்குத் தொலைவிலிருந்தே கடையை அடையாளம் காட்ட இது உதவியது.

லாகூர் நிறுவனத்தின் கைக்கு மாறுதல்

1934-இல் கட்டடத்தை பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் வாங்கியது. இது சாதாரணச் சொத்து விற்பனை மட்டுமன்று. இந்திய வணிகத்தில் நேர்ந்த மாற்றத்தின் அடையாளமும் ஆகும்.

பாரத் இன்சூரன்ஸ் 1896-ஆம் ஆண்டு லாகூரில் லாலா ஹர்கிஷன் லால் முன்முயற்சியில் தொடங்கப்பட்டது. பஞ்சாப் நேஷனல் வங்கியை உருவாக்கியவர்களுள் ஒருவர் அவர். இந்தியர்களின் சேமிப்பு இந்தியர் நடத்தும் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் வர வேண்டும் என்ற சுதேசி எண்ணம் பஞ்சாபில் வலுப்பெற்றிருந்த காலம் அது. ஆங்கிலேயக் காப்பீட்டு நிறுவனங்கள் பல, இந்தியர்களுக்குக் காப்பீடு வழங்கத் தயங்கின. வழங்கினாலும் கூடுதல் தவணைத் தொகை வசூலித்தன. அந்த இடைவெளியில் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் வளர்ந்தன.

ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டடம் இரு வகையில் பயன்பட்டது. மக்கள் செலுத்தும் தவணைத் தொகையை முதலீடு செய்ய நிலையான சொத்து தேவைப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு பணம் தருவதாக உறுதி கூறும் நிறுவனம் நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கையை மக்களிடம் ஏற்படுத்தவும் கம்பீரமான கட்டடம் வேண்டியிருந்தது. மவுண்ட் ரோட்டில் ஐரோப்பியர் கட்டிய மாளிகையில் லாகூரின் சுதேசி நிறுவனத்தின் பெயர்ப்பலகை ஏறியதற்கு இதுவே பின்னணி. அதன்பின் கார்டில் என்ற பெயர் மெல்ல மறைந்து, பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் என்ற பெயர் நிலைத்தது.

டால்மியா வழக்கும் நாட்டுடைமையும்

1930-களில் ஹர்கிஷன் லாலின் வணிகப் பேரரசு சரிந்தது. பாரத் இன்சூரன்ஸ் நிறுவனம் 1936-இல் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியாவின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது.

பங்குச் சந்தைச் சூதாட்டத்தில் டால்மியா குழுமத்துக்கு ஏற்பட்ட நட்டத்தை ஈடுகட்ட, பாரத் இன்சூரன்ஸ் பாலிசிதாரர்களின் பணம் திருப்பிவிடப்பட்டது 1950-களின் நடுப்பகுதியில் வெளிவந்தது. கையாடப்பட்ட தொகை இரண்டு கோடி ரூபாய்க்கு மேல். 1955 டிசம்பரில் நாடாளுமன்ற உறுப்பினர் பெரோஸ் காந்தி, டால்மியா நிறுவனங்களில் காப்பீட்டுப் பணம் எப்படிச் சுழற்றப்பட்டது என்பதை மக்களவையில் விரிவாக எடுத்துரைத்தார். டால்மியாவுக்கு இரண்டு ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1962-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

பெரோஸ் காந்தியின் உரைக்குப் பின் ஏழு வாரங்களுக்குள், 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டுத் தொழிலை அரசு அவசரச் சட்டத்தின் மூலம் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. நாட்டுடைமைக்குப் பல காரணங்கள் இருந்தன. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் பலவற்றில் நிர்வாகச் சீர்கேடு நிலவியது. ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு நிதியும் தேவைப்பட்டது. ஆயினும் உடனடித் தூண்டுதலாக அமைந்தவற்றுள் பாரத் இன்சூரன்ஸ் மோசடி முதன்மையானது. 1956 செப்டம்பர் 1 அன்று, 245 காப்பீட்டு நிறுவனங்களும் சேமநிதிச் சங்கங்களும் இணைக்கப்பட்டு எல்.ஐ.சி. உருவானது. அவற்றின் சொத்துகளும் அதனிடம் வந்தன. மவுண்ட் ரோட்டுக் கட்டடமும் அவற்றுள் ஒன்று.

பாரத் இன்சூரன்ஸ் என்ற நிறுவனம் அத்துடன் மறைந்தது. ஆனால் சென்னை மக்களின் பேச்சில் கட்டடத்தின் பெயர் மாறவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே இல்லாமல் போன ஒரு லாகூர் நிறுவனத்தின் பெயர் சென்னையில் ஒரு கட்டடத்தின் மூலமாக மட்டும் நீடித்தது.

ஒரே சாலையில் இரண்டு கட்டடங்கள்

நாட்டுடைமையின் வழியாக அதே சாலையில் எல்.ஐ.சி.க்கு இன்னொரு கட்டடமும் கிடைத்தது. யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் கட்டத் தொடங்கிய உயர்மாடிக் கட்டடம் அது. அவர் 1954-இல் சிங்கப்பூரில் நிகழ்ந்த விமான விபத்தில் இறந்தார். பணி எல்.ஐ.சி.யின் பொறுப்பில் நிறைவடைந்து 1959-இல் கட்டடம் திறக்கப்பட்டது. 177 அடி உயரம் கொண்ட அது அப்போது இந்தியாவின் மிக உயரமான கட்டடம். வெளியூரிலிருந்து சென்னைக்கு வருவோர் தவறாமல் பார்க்கும் இடமாகவும், தமிழ்த் திரைப்படங்களில் சென்னையின் அடையாளமாகவும் அது விளங்கியது.

எல்.ஐ.சி. என்றதும் மக்கள் நினைவுக்கு வந்தது அந்த உயர்மாடிக் கட்டடமே. 1897-ஆம் ஆண்டுக் கட்டடம் அதன் நிழலில் பின்தங்கியது. சிறு அலுவலகங்களும் கடைகளும் வாடகைக்கு இருந்த இடமாக அது பயன்பட்டது. ஜெனரல் பேட்டர்ஸ் சாலை வாகன உதிரிபாகக் கடைகளுக்குப் பெயர்பெற்ற கடைவீதியாக மாறியது. குதிரை வண்டிக்காகக் கட்டப்பட்ட முகப்பின் முன்னால் பேருந்துகளும் லாரிகளும் நெரிந்தன.

இத்தகைய பழைய கட்டடங்கள் பழுதடைவதற்குக் கட்டுமான முறையும் ஒரு காரணம். அக்காலச் சென்னைக் கட்டடங்களில் பரவலாக இருந்தது மெட்ராஸ் தளம். தேக்கு உத்திரங்களின் மேல் சிறு செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் கலவையால் இணைப்பார்கள். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்ந்த படுகையை இட்டு, மேலே தட்டோடு பதிப்பார்கள். பராமரித்தால் நூறாண்டுக்கு மேல் நிற்கக்கூடிய தளம் இது. ஆனால் ஓட்டு இடுக்கில் மழைநீர் இறங்கத் தொடங்கினால் உத்திரத்தின் முனை சுவருக்குள் உளுத்துப் போகும். பறவைகள் போடும் எச்சத்திலிருந்து அரசும் ஆலும் முளைத்து வேரால் சுவரைப் பிளக்கும். ஆண்டுதோறும் சிறு செலவில் முடிய வேண்டிய பராமரிப்பு தவறினால், பிற்பாடு அது பெருஞ்செலவாகும். அந்த நிலையில் கட்டடம் ஆபத்தானது என்ற அறிவிப்பு வருவதும் எளிது.

இடிப்பு முயற்சி

20-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் சென்னையின் பழமையான வணிகக் கட்டடங்கள் பல மறைந்திருந்தன. ஸ்பென்சர் கட்டடம் 1983-இல் தீக்கிரையாகி, அந்த இடத்தில் பின்னர் ஸ்பென்சர் பிளாசா என்ற வணிக வளாகம் வந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்தின் அருகிலிருந்த மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையானது. அண்ணா சாலை மனைகளின் விலை ஏறிக்கொண்டே போனது. பழைய இரண்டு மூன்று மாடிக் கட்டடம் நிற்கும் மனையில் பல மடங்கு பரப்பளவுள்ள புதுக் கட்டடம் எழுப்பலாம் என்பது உரிமையாளருக்குத் தெளிவான கணக்கு.

பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்திலிருந்த வாடகைதாரர்கள் காலி செய்யப்பட்டு, 2006-இல் இடிப்புப் பணி தொடங்கியது. இன்டாக் என்று அறியப்படும் கலை, பண்பாட்டு மரபுப் பாதுகாப்பு அறக்கட்டளை உயர்நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் இடிப்பை நிறுத்தி வைத்தது.

வழக்கின் மையத்தில் ஒரு சிக்கல் இருந்தது. இந்தியாவில் பழஞ்சின்னங்களைக் காக்க 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டமும், 1966-ஆம் ஆண்டு தமிழகச் சட்டமும் உள்ளன. அவை அரசு அறிவித்த நினைவுச்சின்னங்களுக்கே பொருந்தும். பயன்பாட்டில் உள்ள கடையும் அலுவலகமும் அந்த வரையறைக்குள் எளிதில் வருவதில்லை. மும்பை 1995-இல் பழமையான கட்டடங்களைத் தரவரிசைப்படுத்திக் காக்கும் ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. 2006-இல் சென்னையிடம் அப்படி நடைமுறையில் செயல்படும் ஏற்பாடு இல்லை. ஆகவே, சட்டத்தில் பெயர் இல்லாத ஒரு கட்டடத்தை உரிமையாளரின் விருப்பத்துக்கு எதிராகக் காக்க முடியுமா என்பது கேள்வியாயிற்று.

2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு

விடைக்கு நீதிமன்றம் பயன்படுத்திய ஆவணம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. சென்னைச் சாலைகளில் பெருகிய விளம்பரப் பலகைகள் குறித்த வேறொரு வழக்கில், நீதிபதி இ. பத்மநாபன் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டிருந்தது. பழமையான கட்டடங்களை விளம்பரப் பலகைகள் மறைக்கக் கூடாது என்பதற்காக, அக்குழு அத்தகைய கட்டடங்களைப் பட்டியலிட்டது. 400-க்கும் மேற்பட்ட கட்டடங்களைக் கொண்ட அந்தப் பட்டியலில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடமும் இடம்பெற்றிருந்தது.

2010-இல் வழங்கிய தீர்ப்பில் உயர்நீதிமன்றம் இந்தக் கட்டடத்தை இடிக்கக் கூடாது என்று கூறியது. பட்டியலில் உள்ள மற்ற கட்டடங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டு, மரபுக் கட்டடப் பாதுகாப்புக் குழு ஒன்றை அமைக்குமாறு உத்தரவிட்டது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் கீழ் அக்குழு அமைந்தது. விளம்பரப் பலகைகளை அகற்றத் தயாரான பட்டியல், கட்டடங்களை இடிப்பிலிருந்து காக்கும் பட்டியலாக மாறியது. 2011-இல் மெட்ரோ ரயில் பணிக்காக பி. ஆர் அண்ட் சன்ஸ் வளாகத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டபோது எழுந்த வழக்கிலும் இந்தப் பாதுகாப்பு ஏற்பாடே வாதத்துக்கு அடிப்படையாயிற்று.

தீர்ப்பை வழங்கிய நீதிமன்றம் அமர்ந்திருந்த மாளிகையின் பணியில் பங்குகொண்ட அதே ஸ்டீபன்ஸ்தான் வழக்குக்கு உள்ளான கட்டடத்தையும் வடிவமைத்தவர். ஒன்று தொடர்ந்து பயன்பாட்டில் இருந்ததால் பராமரிக்கப்பட்டது. மற்றொன்று பயன்பாட்டை இழந்ததால் பாழடைந்தது. ஒரே கையால், ஒரே காலத்தில், ஒரே பாணியில் உருவான இரு கட்டடங்களின் நிலை இவ்வளவு வேறுபட்டதற்குக் கட்டுமானத்தின் தரம் காரணமன்று.

தீர்ப்புக்குப் பின்

தீர்ப்பு இடிப்பைத் தடுத்தது. ஆனால் கட்டடத்துக்குப் புதிய பயன்பாடு உடனே கிடைத்துவிடவில்லை. 2010-க்குப் பிறகும் பல ஆண்டுகள் அது பூட்டிக் கிடந்தது. சுவர்களில் செடிகள் வளர்ந்தன. "இடிக்கக் கூடாது" என்ற உத்தரவைப் பிறப்பிப்பதைவிட "சீரமைக்க வேண்டும்" என்பதை நிறைவேற்றுவது கடினம் என்பதை இது காட்டியது. சீரமைப்புக்குப் பெருந்தொகை தேவை. சுண்ணாம்புக் கலவையும் மெட்ராஸ் தளமும் அறிந்த கொத்தனார்கள் அரிதாகிவிட்டனர். சீரமைத்த பின் அந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதும் முன்கூட்டியே முடிவாக வேண்டும்.

சென்னையிலேயே வேறு எடுத்துக்காட்டுகள் உண்டு. சென்னைப் பல்கலைக்கழகம் தன் 150-ஆம் ஆண்டு விழாவையொட்டி செனட் மாளிகையைச் சீரமைத்தது. சேப்பாக்கத்தில் 2012-இல் தீக்கிரையான கலசமகாலைப் பொதுப்பணித் துறை பழைய முறைப்படி சீரமைத்தது. இரண்டிலும் உரிமையாளருக்குக் கட்டடத்தின் தேவை இருந்தது. உரிமையாளருக்கு மனை மட்டுமே தேவையாக இருக்கும் வணிகக் கட்டடங்களில் வேறு வழிகள் வேண்டும். மும்பையில் பழமையான கட்டடத்தைக் காக்கும் உரிமையாளர், அந்த மனையில் கட்ட முடியாமல் போன பரப்பளவை வேறிடத்தில் பயன்படுத்தவோ விற்கவோ அனுமதிக்கும் முறை அத்தகைய ஒன்று. தமிழக சட்டமன்றம் 2012-இல் மரபு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆயினும் அது நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆயின.

வரலாற்று முக்கியத்துவம்

பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தின் முக்கியத்துவம் அதன் கோபுரங்களிலும் வளைவுகளிலும் மட்டும் இல்லை. ஐரோப்பியச் சில்லறை வணிகத்தின் செழிப்பு, சுதேசி நிதி நிறுவனங்களின் எழுச்சி, விடுதலைக்குப் பிந்தைய முதல் பெரிய காப்பீட்டு மோசடி, நாட்டுடைமை, நகர மனைகளின் விலையேற்றம், மரபுப் பாதுகாப்புக்கான சட்டப் போராட்டம் ஆகிய ஆறு கட்டங்களும் இந்த ஒரே முகவரியில் பதிவாகியுள்ளன. சென்னையில் பழமையான கட்டடம் ஒன்றை இடிக்கும் முன் அது பட்டியலில் உள்ளதா, பாதுகாப்புக் குழுவின் கருத்து பெறப்பட்டதா என்று கேட்கும் நடைமுறை இந்தக் கட்டடத்தின் வழக்கிலிருந்து தொடங்கியது. தன் எதிர்காலம் தெளிவாவதற்கு முன்பே, மற்ற நூற்றுக்கணக்கான கட்டடங்களுக்கு அது பாதுகாப்புத் தேடித் தந்தது.